நாமே செய்யும் கையடக்கக் கணினியா, லேப்டாப்பா: மடக்க வேண்டுமா என்பதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நீங்களே அசெம்பிள் செய்திருக்கிறீர்கள். அதில் காசும் மிச்சமானது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் பிடிபட்டது. அதே மாதிரி, கையோடு எடுத்துப் போகிற கணினி ஒன்றையும் நீங்களே செய்ய முடியுமா, அது லேப்டாப் வாங்குவதைவிட லாபமா என்று கேட்கிறீர்கள்.

நான் இரண்டு செய்திருக்கிறேன். முதலாவது ஏழு மாத வார இறுதிகளைத் தின்றது. இரண்டாவது மூன்று வாரத்தில் முடிந்தது. இன்றைக்கும் தினமும் நான் வேலை செய்வது இரண்டாவதில்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்றால் வேண்டாம். லேப்டாப்பே வாங்குங்கள். அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் பிசினஸ் லேப்டாப் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் கிடைக்காத ஏதோ ஒன்று உங்களுக்கு வேண்டியிருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதை லேப்டாப் வடிவத்தில் மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

டெஸ்க்டாப் உங்களுக்கு அவ்வளவு சுலபமாக வந்ததற்குக் காரணம் உண்டு. 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டில் திருகுத் துளை எங்கே வரவேண்டும், பின்பக்க போர்ட்டுகளுக்கு எவ்வளவு இடம், பவர் சப்ளையின் கனெக்டர் எப்படி என்று எல்லாமே அதில் எழுதப்பட்டது. அதன்பிறகு யார் செய்த போர்டும் யார் செய்த பெட்டியிலும் உட்காரும். 2001-ல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். வெறும் 17 செ.மீ. சதுரம். அதன் நான்கு துளைகளும் பெரிய ஏ.டி.எக்ஸ். பெட்டியிலும் பொருந்தும்படி வைத்தார்கள். நீங்கள் திருகைத் திருப்பும்போது அந்தப் பொது ஒப்பந்தத்தின் பலனைத்தான் அனுபவிக்கிறீர்கள்.

லேப்டாப்புக்கு அப்படி ஓர் ஊர்ப்பொது அளவு கிடையாது. ரேம், எஸ்.எஸ்.டி., வைஃபை கார்டு, ஓரளவுக்குத் திரை, இவை மட்டும்தான் பொது. மதர்போர்டு, பேட்டரி, கீபோர்டு, கீல், ஃபேன் எல்லாம் அந்தந்த மாடலுக்கே வெட்டித் தைத்த சட்டை. ஒரே நிறுவனம் அடுத்தடுத்த வருடம் விட்ட இரண்டு மாடல்களிலேயே பல சமயம் ஒன்றின் பேட்டரி மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே தனித்தனியாக லேப்டாப் பாகம் வாங்கிச் சேர்ப்பது என்ற வழியே நமக்குத் திறந்திருக்கவில்லை. நம்மால் முடிவது, டெஸ்க்டாப்புக்கோ தொழிற்சாலைக் கருவிகளுக்கோ செய்த பாகங்களை எடுத்து, நடுவில் ஒட்டுப்பலகைகள் (அடாப்டர் போர்டுகள்) வைத்து, ஒன்றோடொன்று பேசவைப்பது. பணம் கரைவது இந்த ஒட்டுப்பலகைகளில்தான். என் முதல் பெட்டிக்கு ஆன செலவில் போர்டும் திரையும் சேர்ந்து பாதிதான் வந்தன. மீதிப் பாதி கேபிள், கனெக்டர், வோல்டேஜ் கன்வெர்ட்டர், திரைக்கான கன்ட்ரோலர், இரண்டு முறை மாற்றி வாங்கிய கீல், திருகுகள் என்று போனது. கூட்டிப் பார்த்தபோது அதைவிட வேகமான செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இரண்டு வாங்கியிருக்கலாம்.

சரி, வடிவத்துக்கு வருவோம்.

நம் மொழியில் லேப்டாப்பை மடிக்கணினி என்கிறோம். மடியில் வைப்பது என்றும் வைத்துக்கொள்ளலாம், மடிப்பது என்றும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்ததே அதுதான். ஏனென்றால் லேப்டாப் செய்பவனுக்கு இருக்கும் பெரிய சிரமங்கள் எல்லாம் இந்த இரண்டு மடிகளில் அடங்கிவிடுகின்றன. மடியில் வைக்கவேண்டுமானால் சூடாகக்கூடாது, கனக்கக்கூடாது, பின்னால் சாயக்கூடாது. மடிக்கவேண்டுமானால் கீல் வேண்டும், அந்தக் கீலைத் தாண்டி மின்சாரமும் படமும் போகவேண்டும், மடித்ததும் தூங்கவேண்டும், திறந்ததும் விழிக்கவேண்டும்.

கையோடு எடுத்துப் போகும் கணினிகள் ஆரம்பத்தில் மடியவில்லை. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி. ஐந்து அங்குலப் பிக்சர் டியூப், இரண்டு பக்கமும் ஃப்ளாப்பி டிரைவ், கீபோர்டுதான் பெட்டிக்கு மூடி. உள்ளே பேட்டரி கிடையாது, போன இடத்தில் பிளக் தேடவேண்டும். 1983-ல் விற்பனைக்கு வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 வேறு மாதிரி. ஒரு தடித்த நோட்டுப் புத்தகம்போலத் தட்டையாக இருக்கும். மேலே 40 எழுத்து அகலத்தில் 8 வரி காட்டும் சின்னத் திரை, கீழே முழு கீபோர்டு. சாதாரண டபுள் ஏ பேட்டரி நான்கு போட்டால் சுமார் 20 மணி நேரம் ஓடும். நிருபர்கள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். இவை இரண்டுக்கும் நடுவில், 1982-ல், கிரிட் காம்பஸ் வந்தது. இன்று நாம் லேப்டாப் என்றதும் மனதில் வரும் அந்தச் சிப்பி வடிவம், திரை கீபோர்டின் மேல் மடிந்து மூடுவது, அதிலிருந்து தொடங்குகிறது. அதன் உடம்பு மக்னீசியம் உலோகம். நாசா அதை விண்வெளிக்கே கொண்டுபோனது.

ஆக மூன்று வடிவம்: பெட்டி, சிப்பி, பலகை. பெட்டியும் பலகையும் ஒரு மேஜையில் உட்கார்ந்து கையால் செய்துவிடக் கூடியவை. சிப்பிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை வேண்டும். நான் முதலில் எடுத்தது சிப்பி.

அதில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் இதே இடங்களில்தான் தடுக்குவீர்கள். 13 அங்குலத் திரை ஒன்று வாங்கினேன். லேப்டாப் திரைகள் நேராக எச்.டி.எம்.ஐ. வாங்காது. இ.டி.பி. என்ற இணைப்பில் பேசும். நடுவில் ஒரு கன்ட்ரோலர் போர்டு வேண்டும். அந்த போர்டுக்குக் கீழ்ப்பாகத்தில் இடமில்லை, அதனால் திரைக்குப் பின்னால் மூடியிலேயே வைத்தேன். மூடியின் எடை 600 கிராம் ஆகிவிட்டது. கீலிலிருந்து 11 செ.மீ. தள்ளி எடையின் மையம். கணக்குப் போட்டால், மூடி கிட்டத்தட்டப் படுக்கும் நிலையில் கீல் தாங்கவேண்டிய முறுக்கம் 0.65 நியூட்டன் மீட்டர். இரண்டு கீலுக்கும் பங்கிட்டால் தலைக்கு 0.33. நான் கண்ணால் பார்த்து வாங்கிய கீல் அதில் பாதிகூடத் தாங்கவில்லை. திரை மெல்ல மெல்லச் சரிந்து கீபோர்டின் மேல் வந்து படுத்துக்கொண்டது. இறுக்கமான கீல் வாங்கிப் போட்டேன். இப்போது மூடி நின்றது, ஆனால் திறக்கும்போது அடிப்பாகமே தூக்கிக்கொண்டு வந்தது. செங்குத்தைத் தாண்டிக் கொஞ்சம் சாய்த்தால் மொத்தமும் பின்பக்கம் கவிழ்ந்தது. கடை லேப்டாப்பில் பேட்டரியைக் கை வைக்கும் இடத்துக்குக் கீழே, முன்பக்கத்தில் வைப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அது இடம் இருந்ததால் வைத்தது மட்டுமில்லை. தராசில் எடைக்கல் வைப்பதுபோல வைத்தது.

அடுத்து கேபிள். போர்டிலிருந்து மூடிக்குப் படம் கொண்டுபோக ஒரு தட்டை ரிப்பன் கேபிளைக் கீலுக்குப் பக்கத்திலேயே மடித்து விட்டிருந்தேன். ஐந்தாவது வாரம், திரையை ஒரு குறிப்பிட்ட சாய்வில் வைத்தால் மட்டும் பச்சைக் கோடுகள் வந்தன. இன்னும் கொஞ்சம் திறந்தால் சரியாகிவிடும். கழற்றிப் பார்த்தால், மடிப்பு விழுந்த இடத்தில் ரிப்பன் வெளுத்துப்போய், செம்புத் தடங்கள் தலைமுடி அகலத்துக்கு விரிசல் விட்டிருந்தன. பழுதான ஒரு லேப்டாப்பைப் பிரித்து அதில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மயிரிழை போன்ற வயர்களை ஒரு கற்றையாகக் கட்டி, கீலின் அச்சை ஒட்டியே விட்டிருந்தார்கள். மூடி திறக்கும்போது கேபிள் மடியவில்லை, முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு நீளம் முழுக்கப் பரவிவிடும். மடிப்போ ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். நானும் கேபிளைக் கீலின் அச்சைச் சுற்றி ஒன்றரைச் சுற்று, கடிகாரச் சுருள்போல விட்டேன். அதன்பிறகு கோடு வரவில்லை. இந்த ஒன்றரைச் சுற்றுக்கு இடம் விட மூடியையும் அடிப்பாகத்தையும் மறுபடி வரைந்து, மறுபடி 3டி பிரிண்ட் எடுக்கவேண்டியிருந்தது. அதற்கே இரண்டு மாதம் போனது.

மின்சாரத்தில் இன்னொரு பாடம். அந்தப் பெட்டியில் இருந்தது ராஸ்பெர்ரி பை 4, ஒரே போர்டில் அடங்கிவிடும் சின்னக் கணினி. திரையில் ஓரமாக ஒரு சின்ன மின்னல் குறி அடிக்கடி வந்துபோனது. போர்டுக்கு வரும் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். கன்வெர்ட்டரிலிருந்து சரியாக 5 வோல்ட்தான் கிளம்புகிறது. பிறகு எங்கே குறைகிறது? வயரில். அரை மீட்டர் மெல்லிய வயர், போக ஒன்று, வர ஒன்று, கனெக்டர்களையும் சேர்த்தால் 0.15 ஓம். போர்டும் திரையும் சேர்ந்து 3 ஆம்ப் இழுக்கும் நேரத்தில் 0.45 வோல்ட் வயரிலேயே சூடாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது 4.55. வயரைப் பாதி நீளமாக்கி, தடிமனான வயராக மாற்றி, திரைக்குத் தனி வயர் கொடுத்ததும் மின்னல் மறைந்தது. பெரிய கம்பெனிகள் பேட்டரியிலிருந்து போர்டுக்கு அகலமான செம்புத் தகடுபோலக் கொண்டுபோவதற்கு இதுதான் காரணம். நீங்கள் 5 வோல்ட் போர்டு எதை எடுத்தாலும் முதல் நாளிலிருந்தே வயரின் தடிமனைப் பாருங்கள். பழகிவிட்டால் ஒரு நிமிட வேலை. பார்க்காவிட்டால், காரணம் தெரியாமல் கணினி நின்று நின்று போகும், மெமரி கார்டில் உள்ள ஃபைல்களும் கெடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அது லேப்டாப் ஆகவில்லை. மூடினால் தூங்கவில்லை. கடை லேப்டாப்பில் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்திருக்கும், எம்பெடட் கன்ட்ரோலர் என்பார்கள். பேட்டரியை எவ்வளவு வேகத்தில் சார்ஜ் செய்வது, இன்னும் எத்தனை சதவீதம் இருக்கிறது, ஃபேன் எப்போது சுற்றவேண்டும், மூடியில் உள்ள காந்தம் கிட்டே வந்ததா, பவர் பட்டனை அழுத்தினார்களா, கீபோர்டில் எந்த விசை என்று அத்தனையும் அது பார்த்துக்கொள்ளும். பெரிய பிராசசர் தூங்கும்போதும் அது விழித்திருக்கும். ராஸ்பெர்ரி பை போன்ற போர்டுகளில் அப்படி ஒருவர் இல்லை. நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு மற்றதை அணைக்கும் தூக்கமும் அதற்குத் தெரியாது. ஓடும், இல்லையென்றால் முழுக்க அணைந்துவிடும். பையில் போட்டு எடுத்துப் போகும் ஒரு கருவிக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பது பழகும்போதுதான் தெரியும். லேப்டாப்பைத் திறந்து ஒரு வரி எழுதிவிட்டு மூடுவோம், அப்புறம் பத்து நிமிடம் கழித்து இன்னொரு வரி. என் பெட்டியில் அந்த இரண்டாவது வரிக்காக நாற்பது விநாடி காத்திருக்கவேண்டும். பேட்டரி அளவைத் திரையில் காட்டவே தனியாக ஒரு அளவிடும் சில்லை வைத்து, லினக்ஸுக்கு அதை அறிமுகப்படுத்தவேண்டியிருந்தது.

எவ்வளவு நேரம் ஓடும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுமாரான கணக்கு இப்படி: போர்டு சராசரியாக 5 வாட், திரையும் அதன் கன்ட்ரோலரும் 5 வாட், கீபோர்டு மற்றதெல்லாம் 1 வாட், கன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12, 13 வாட். 20,000 எம்.ஏ.எச். என்று எழுதிய பவர் பேங்க்கில் இருப்பது 74 வாட் ஹவர். அதில் நம் கைக்கு வருவது 60 முதல் 65 வரை. ஆக ஐந்து மணி நேரம். இப்போதைய நல்ல லேப்டாப், திரை உட்பட, சும்மா படித்துக்கொண்டிருக்கும்போது 4 முதல் 6 வாட்டில் ஓடிவிடும். அதன் 50, 55 வாட் ஹவர் பேட்டரியில் ஒரு பகல் முழுக்கப் போகும். சின்ன போர்டு என்றால் மின்சாரம் குறைவாக இழுக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. உச்சத்தில் அது உண்மை. சும்மா இருக்கும்போது லேப்டாப் பிராசசர் இறங்கும் ஆழத்துக்கு இந்த போர்டுகள் இறங்குவதில்லை. லேப்டாப் பெரும்பாலான நேரம் சும்மாதானே இருக்கிறது.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் 18650 என்ற உருளை வடிவ செல்களை எடுத்து நாமே பேக் கட்டுவது எப்படி என்று வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. முதல் முயற்சியில் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு செல்லில் சுமார் 10, 12 வாட் ஹவர் இருக்கும். ஆறு செல்லை ஒன்றாகக் கட்டி, அதில் ஒன்று மட்டும் வயதானதாக இருந்தால், அது மற்றவற்றுக்கு முன்னால் 4.2 வோல்ட்டைத் தாண்டும், மற்றவற்றுக்கு முன்னால் வற்றும். காவலுக்கு பி.எம்.எஸ். பலகை இருந்தாலும், செல்லின் மேல் நேராக சால்டரிங் இரும்பை வைத்த சூடு, உள்ளே உள்ள மெல்லிய பிரிப்புப் படலத்தைக் கெடுத்திருந்தால் அந்தப் பலகைக்குத் தெரியாது. ஒரு செல் எரிந்தால் பக்கத்துச் செல்லையும் எரிக்கும். நமக்குத் தெரிந்தே அந்தப் பெட்டியை மடியில் வைக்கப்போகிறோம், தலைமாட்டில் சார்ஜ் போடப்போகிறோம். வேண்டாம்.

தரமான பவர் பேங்க்கை அப்படியே பேட்டரியாக வையுங்கள். அதற்குள் காவல் எல்லாம் தயாராக இருக்கிறது. யு.எஸ்.பி. பவர் டெலிவரி உள்ளவற்றில் 20 வோல்ட் வரை தருபவை உண்டு. 19 வோல்ட் கேட்கும் மினி பிசிக்கள் (சின்னப் பெட்டிக்குள் அடங்கும் டெஸ்க்டாப்கள்) பலவும் 20 வோல்ட்டில் ஓடிவிடும், ஆனால் உங்கள் மாடல் அதை ஏற்கிறதா என்று அதன் விவரத்தாளில் பார்த்துவிட்டு இணையுங்கள். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: பவர் பேங்க்கில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு சார்ஜரைச் செருகுங்கள், பிடுங்குங்கள். பல பவர் பேங்க்குகள் அந்தக் கணத்தில் ஒரு நொடி வெளிமின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி தரும். போன் அதைக் கவனிக்காது. உங்கள் கணினி அணைந்து எழும். விமானத்தில் போகிறவராக இருந்தால் இன்னொன்று. 100 வாட் ஹவர் வரையிலான பேட்டரியைக் கைப்பையில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அந்தப் பேட்டரி யு.என். 38.3 என்ற லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையில் தேறியதாகவும் இருக்கவேண்டும். பவர் பேங்க் மேல் அளவு அச்சிட்டிருக்கும், காட்டிவிட்டுப் போகலாம். வயர் தொங்கும் கைப்பேக்கை வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

கெட்டிக்காரர்கள் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார்கள். ஆண்ட்ரூ ஹுவாங்கும் ஷான் கிராஸும் சேர்ந்து நோவேனா என்ற திறந்த வடிவமைப்புக் கணினியை உருவாக்கி 2014-ல் மக்களிடம் முன்பணம் திரட்டி விற்றார்கள். மின்னணு வன்பொருளிலேயே ஊறியவர்கள் அவர்கள், சர்க்யூட் போர்டையே தாங்களே வரைந்தவர்கள். அவர்கள்கூடச் சிப்பி வடிவத்துக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். திரை மூடியின் வெளிப்பக்கம் இருக்கும், கீபோர்டு தனியாக வெளியே இருக்கும், மூடியைத் திறந்தால் உள்ளே சர்க்யூட் தெரியும். பெர்லினில் லூக்காஸ் ஹார்ட்மனின் எம்.என்.டி. ரிஃபார்ம் லேப்டாப்பும் 2020-ல் அதேபோல முன்பணம் திரட்டி வந்தது. அது மடியும். ஆனால் சுமார் 4 செ.மீ. தடிமன். உள்ளே எட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள், டார்ச் லைட்டுக்கு மாற்றுவதுபோல நாமே மாற்றலாம். அந்த வகைச் செல் எடைக்குக் கொஞ்சம் குறைவான சக்திதான் தரும், ஆனால் தீப்பிடிக்கும் சுபாவம் மிகக் குறைவு. வரைபடங்கள் எல்லாம் திறந்து வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பை உள்ளிருந்து புரிந்துகொள்ள விரும்பும் யாரும் அவற்றைப் பார்க்கலாம். எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

இவர்கள் யாரும் மலிவுக்காகச் செய்யவில்லை. வேண்டியது ஒன்று சந்தையில் இல்லை, அதனால் செய்தார்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று யோசியுங்கள். நல்ல காரணங்கள் நிறைய உண்டு. மணிக்கட்டு வலிக்காக இரண்டாகப் பிரிந்த கீபோர்டு வேண்டியிருக்கலாம். வெயிலில் படிக்க, பின்னொளி இல்லாத திரை வேண்டியிருக்கலாம். என் நண்பர் ஒருவர் தொலைநோக்கி பக்கத்தில் இரவு முழுக்க வைக்க ஒரு பெட்டி செய்தார். திரையே கிடையாது, பட்டன்களில் சிவப்பு வெளிச்சம் மட்டும், பனி இறங்காத மூடி, 12 வோல்ட் பேட்டரி. அந்த வேலைக்கு எந்த லேப்டாப்பும் அதற்கு ஈடில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு உட்கார்ந்து, கணினி என்றால் என்ன என்று பிரித்துக் காட்டிச் சேர்ப்பதும் போதுமான காரணம்தான். இப்படி ஒரு காரணம் இருந்தால் மேலே சொன்ன சிரமங்கள் எல்லாம் தாங்கக்கூடியவையே.

என் இரண்டாவது பெட்டியின் கதையும் அதுதான். எனக்குக் கழுத்து வலி. லேப்டாப்பில் திரை கீபோர்டோடு ஒட்டியிருப்பதால் எப்போதும் குனிந்தே பார்க்கவேண்டும். எனக்கு வேண்டியது, திரை கண் மட்டத்தில், கை மடியளவில். ஒரு வேலைக்கு வந்த பழைய பிசினஸ் லேப்டாப், கீல் உடைந்து மூடி தொங்கியபடி கிடைத்தது. மதர்போர்டு, ஃபேன், பேட்டரி எல்லாம் நன்றாக இருந்தன. மூடியை முழுக்கக் கழற்றினேன். அடிப்பாகத்தை, கீபோர்டோடு, அப்படியே வைத்துக்கொண்டேன். அது ஒரு பலகை ஆகிவிட்டது, மாடல் 100 மாதிரி. திரைக்கு, ஒரே யு.எஸ்.பி. சி கேபிளில் மின்சாரமும் படமும் வாங்கிக்கொள்ளும் தனி போர்ட்டபிள் மானிட்டர். அதை மடக்கு ஸ்டாண்டில் கண் உயரத்தில் வைக்கிறேன். வைஃபை ஆன்டெனா வயர்கள் பழைய மூடிக்குள்தான் ஓடியிருந்தன, அவற்றை மட்டும் எடுத்துப் பலகையின் பின்விளிம்பில் ஒட்டினேன். பழைய மூடியின் காந்தத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கை வைக்கும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட மூலையில் அதை வைத்தால் கணினி மூடியாயிற்று என்று நினைத்துத் தூங்கிவிடும், எடுத்தால் விழித்துக்கொள்ளும். முதல் பெட்டியில் ஏழு மாதம் முயன்றும் கிடைக்காத தூக்கம் இங்கே இலவசமாக வந்தது. சார்ஜிங், பேட்டரி சதவீதம், ஃபேன் எல்லாமே கம்பெனிக்காரர்கள் செய்துவைத்தபடி ஒழுங்காக நடக்கின்றன. நான் மாற்றியது வடிவத்தை மட்டும்தான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வழி இந்த நடுவழி. பழுதான லேப்டாப்பின் போர்டையும் பேட்டரியையும் பிரிக்காமல் ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். திரை உடைந்தது, கீல் உடைந்தது, மூடி நசுங்கியது இவையெல்லாம் நல்ல சரக்கு. தண்ணீர் கொட்டியதை மட்டும் தொடாதீர்கள், இன்று ஓடும், மூன்று மாதத்தில் போர்டு பச்சை பூத்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் அதை வைத்துக்கொள்ளவே கூடாது, அந்த மாடலுக்கான புது பேட்டரி வாங்குங்கள். புதிதாகவே வாங்க முடியும் என்றால், 2021 முதல் வரும் ஃபிரேம்வொர்க் லேப்டாப்பின் மதர்போர்டு தனியாகவே கிடைக்கிறது. பேட்டரி, திரை எதுவும் இல்லாமல் யு.எஸ்.பி. சி மின்சாரத்தில் அது ஓடும், அதைச் சுற்றி நாமே பெட்டி செய்ய அளவுப் படங்களையும் அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். லேப்டாப்பாக வாங்கி, சில வருடம் ஓட்டி, போர்டை மாற்றும்போது பழைய போர்டுக்கு ஒரு பெட்டி செய்துகொள்ளலாம். உங்களைப் போலக் கழற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆரம்பிக்கும்போது பெட்டியை வரையாதீர்கள். போர்டு அல்லது மினி பிசி, திரை, கீபோர்டு, பவர் பேங்க் நான்கையும் மேஜையில் பரப்பி, வயரோடு வயராக ஒரு வாரம் அதிலேயே உங்கள் வேலையைச் செய்யுங்கள். நடுவில் வாட் காட்டும் சின்ன யு.எஸ்.பி. மீட்டர் ஒன்றைச் செருகி, எழுதும்போது எவ்வளவு, வீடியோ பார்க்கும்போது எவ்வளவு என்று குறித்து வையுங்கள். பலர் இந்த வாரத்திலேயே, தனக்கு வேண்டியது ஒரு லேப்டாப்தான் என்று கண்டுகொள்கிறார்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. வாங்கிய மானிட்டரும் கீபோர்டும் அதோடு சேர்ந்துகொள்ளும். வாரம் முடிந்தும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது பெட்டியின் அளவை எடுங்கள். திரையின் அளவை இணையதளத்திலிருந்து எடுக்காதீர்கள். திரை கையில் வந்தபிறகு வெர்னியர் காலிப்பரால் அளந்து, பின்பக்கம் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் போர்டு வாங்கும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினாலும் கனெக்டர் மாறிவிடும்.